மன்னன் மண்டியிட்டபோது

இடைக்கால ஐரோப்பாவில் மன்னர்களின் வாளைவிடத் திருச்சபையின் ஆணைக்கு வலிமை மிகுந்திருந்த காலம் ஒன்று உண்டு. அந்த வலிமை மக்களின் சமய நம்பிக்கையில் மட்டும் வேர்கொண்டதன்று. நிலத்திலும் அது ஆழ வேரூன்றியிருந்தது என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

அன்றைய சமுதாயம் நிலமானிய முறையில் அமைந்திருந்தது. பிரபுக்கள் மன்னனிடமிருந்தும், வீரர்கள் பிரபுக்களிடமிருந்தும் நிலம் பெற்றனர். பெறுபவன் மண்டியிட்டு, கூப்பிய தன் கைகளைத் தலைவனின் கைகளுக்குள் வைத்து, அவனுக்கு ஆளாக இருப்பதாக உறுதி கூறுவான். இந்த அடுக்கின் அடியில் கிடந்தவன் பண்ணையடிமை. வாரத்தில் சில நாட்கள் பிரபுவின் வயலில் கூலியின்றி உழைப்பான். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்கு அளப்பான். பிரபுவின் இசைவின்றி ஊரைவிட்டு அவன் போக இயலாது. ஆயர்களும் மடங்களும் இத்தகைய பண்ணைகளுக்கு உடைமையாளர்களாக இருந்தமையால், ஆயரை அமர்த்தும் உரிமை யாருக்கு என்பது ஆட்சியைப் பற்றிய கேள்வியாகவும் ஆயிற்று.

இங்கிலாந்தில் நடந்ததைப் பார்ப்போம். போப்பாண்டவர் மூன்றாம் இன்னொசென்ட், 1207இல் ஸ்டீபன் லாங்டனைக் கான்டர்பரியின் பேராயராக்கினார். ஜான் மன்னன் அவரை ஏற்க மறுத்தான். 1208 மார்ச்சில் நாடு முழுவதற்கும் வழிபாட்டுத் தடை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு மன்னனும் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டான். அவனோ அஞ்சவில்லை, திருச்சபையின் சொத்துக்களைக் கைப்பற்றி அதன் வருவாயால் கருவூலத்தை நிரப்பிக்கொண்டான்.

துன்புற்றவர்கள் குடிமக்களே. ஆறாண்டுகளுக்கு மேலாகக் கோவில் மணிகள் ஒலிக்கவில்லை. குழந்தைகளின் திருமுழுக்கும், இறப்போரின் பாவ மன்னிப்பும் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. மாண்டவர்களுக்குப் புனித நிலத்தில் ஆறடி மண்ணும் மறுக்கப்பட்டது. மன்னன் செய்த குற்றத்திற்கு ஏழை உழவனின் பிணம் தண்டனை அடைந்தது!

பிரெஞ்சு மன்னன் படையெடுக்கத் திரண்டான். சொந்தப் பிரபுக்களும் முறுமுறுத்தனர். 1213 மே மாதத்தில் ஜான் பணிந்தான். டோவர் அருகே, போப்பின் தூதர் முன்னிலையில் இங்கிலாந்தையும் அயர்லாந்தையும் போப்பாண்டவருக்கு ஒப்படைத்து, ஆண்டுக்கு 1000 மார்க் திறை செலுத்துவதாக ஏற்று, அவற்றை மானியமாகத் திரும்பப் பெற்றான். உழவனைப் பிணித்த அதே நிலமானியச் சங்கிலி மன்னனையும் பிணித்தது.

இனி நடந்ததுதான் விந்தை. 1215 ஜூனில் பிரபுக்கள் ஜானிடம் மகாசாசனத்தைப் பெற்றனர். அதற்குத் துணை நின்றவர்களில் லாங்டனும் ஒருவர். ஆனால், ஜான் இப்போது போப்பின் ஆள் அல்லவா? ஆகஸ்டிலேயே இன்னொசென்ட் அந்தச் சாசனம் செல்லாது என அறிவித்தார். பிரபுக்களைத் திருச்சபையிலிருந்து விலக்கும் ஆணையை வெளியிட மறுத்த லாங்டனைப் போப்பின் ஆணையர்கள் பதவியிலிருந்து நிறுத்திவைத்தனர். போப்பும் அதை உறுதிப்படுத்தினார். எந்த மனிதருக்காக ஒரு நாடே ஆறாண்டுகள் தண்டிக்கப்பட்டதோ, அவரே தண்டிக்கப்பட்டார்.

மகாசாசனத்தின் புகழ்பெற்ற பாதுகாப்புகளும் சுதந்திர மனிதர்களுக்கே உரியனவாக இருந்தன. பண்ணையடிமை பழைய இடத்திலேயே நின்றான். சமயத்தின் பெயரால் ஆள்பவரும் நிலத்தின் பெயரால் ஆள்பவரும் பகைத்தபோதும் அவனே இழந்தான். அவர்கள் கைகோத்தபோதும் அவனே இழந்தான். அரண்மனையின் வெற்றி தோல்விகளை மட்டும் எண்ணுவது வரலாறாகாது. அந்தக் கணக்கைத் தன் வியர்வையால் தீர்த்தவன் யார் என்றும் நாம் கேட்டாக வேண்டும்.