பேகூர்க் கல்லிலிருந்து நார்மண்டி வரை

பெங்களூருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். வேட்டையில் வழிதவறிய ஹொய்சள மன்னன் வீரபல்லாளனுக்கு ஒரு கிழவி அவித்த பயறு கொடுத்தாளாம். பசியாறிய ராஜா அந்த இடத்துக்கு ‘பெந்த காளூரு’, அதாவது வெந்த பயற்றூர், என்று பெயர் வைத்துவிட்டாராம். சுவையான கதைதான். ஆனால் வீரபல்லாளன் பிறப்பதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்பே அந்தப் பெயர் ஒரு கல்லில் ஏறிவிட்டது.

நகரத்தின் தெற்கே பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் இருக்கிறது அந்தக் கல். மேலைக் கங்கர் காலம், ஏறத்தாழ கி.பி. 890. போரில் விழுந்தவனுக்கு நம்மூரில் நடுகல் நட்டதுபோல அங்கே வீரகல் நட்டார்கள். பழங்கன்னடத்தில் உள்ள செய்தி ரத்தினச் சுருக்கம்: பெங்களூருச் சண்டையில் நாகத்தரனின் மகன் புட்டண செட்டி இறந்தான், வீட்டு ஊழியன் பெர்வோண செட்டியும் இறந்தான். ஊரின் பெருமையைப் பேச வெட்டிய கல்லே அல்ல இது. செத்த இடத்தைச் சொல்லப்போய் ஊர்ப்பெயர் பிழைத்துக்கொண்டது.

நாகத்தரனுக்கும் ஒரு கல் உண்டு. யானைகளும் வீரர்களும் நெருக்கியடிக்கும் போர்க்காட்சியோடு அது இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அவனுக்குப் பின் வந்த இருகனுக்குக் கங்க அரசன் எரெயப்பன் ‘பெம்பூர்ப் பன்னிரண்டு’ என்ற ஊர்த்தொகுதியைக் கொடுத்ததாக அதில் இருக்கிறது. பெம்பூர்தான் இன்றைய பேகூர்.

இடையில் சோழர் வந்தார்கள், போனார்கள். தமிழ் மட்டும் கோயில் சுவர்களில் தங்கிவிட்டது. மடிவாளா சோமேஸ்வரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, வேப்பூர்க்காரர் ஒருவர் வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் நிலம் கொடுத்ததைப் பதிந்திருக்கிறது. பெம்பூர் வேப்பூராகவும், பெங்களூரு வெங்களூராகவும் தமிழ் வாயில் மாறிவிட்டன. வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் சேலம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பினால் அந்தக் கோயிலை எட்டிப் பார்த்துவிட்டே ஊருக்குப் போகலாம்.

குறுநிலத் தலைவர் கெம்பே கவுடர் பெங்களூரில் மண்கோட்டை கட்டியது 1537-இல். அதன்பின் ஊர் கைமாறிக்கொண்டே இருந்தது. 1687-இல் பிடித்த முகலாயர், வைத்துக்கொள்ள மனமில்லாமல் மைசூர் சிக்கதேவராஜ உடையாருக்கு மூன்று லட்ச ரூபாய்க்குத் தள்ளிவிட்டார்கள் என்பது வரலாறு. இன்று அந்தப் பணத்துக்கு அங்கே ஒரு கார் நிறுத்தும் இடம் கிடைத்தால் அதிசயம்! பிறகு வந்த வெள்ளைக்காரர்கள் பெயரின் வாலை நறுக்கி ‘பேங்களூர்’ ஆக்கினார்கள். அந்த உச்சரிப்புதான் கடல் தாண்டியது.

தாண்டிய விதம்தான் விசித்திரம். 1912-இல் பெங்களூரில் இருந்த மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் கேப்டன் மெக்ளின்டாக், நீண்ட குழாய்க்குள் வெடிமருந்தை அடைத்து ஒரு கருவி செய்தார். ஐந்தடிக் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, முள்கம்பி வேலிக்கு அடியில் தள்ளி, தூரத்தில் இருந்தே வெடிக்க வைக்கலாம். பெயர் ‘பேங்களூர் டார்பிடோ’. இதைச் செய்த சாப்பர்ஸ் சிப்பாய்களுக்கு இன்றும் ‘தம்பிகள்’ என்றே பெயர். இரண்டு உலகப் போர்களிலும் மற்ற ராணுவங்கள் இந்த டார்பிடோவை நகலெடுத்துக்கொண்டன. 1944 ஜூன் 6-ஆம் தேதி நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் அமெரிக்கர்கள் முள்வேலியைத் தகர்த்ததும் இதை வைத்துத்தான். பேகூர்ச் சண்டைக்காரன் ஒருவனின் சாவுக்குறிப்பில் இருந்த பெயரைக் கத்திக்கொண்டு பிரெஞ்சு மணலில் ஓடினார்கள்!

அதே அமெரிக்காவில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயர் வினைச்சொல்லாகவும் ஆனது. வேலை இந்தியாவுக்குப் போய்விட்டால் ‘பேங்களூர்ட்’ ஆகிவிட்டோம் என்று புலம்பினார்கள். 2014 நவம்பர் 1 முதல் ஆங்கிலத்திலும் ‘பெங்களூரு’ என்று எழுத வேண்டும் என்றாகிவிட்டது. டார்பிடோ மட்டும் பழைய பெயரிலேயே இருக்கிறது.

இத்தோடு கல்லின் கணக்கு முடியவில்லை. 2018-இல் பெங்களூரின் ஹெப்பாள் பகுதியில் பள்ளம் தோண்டியபோது இன்னொரு வீரகல் வெளிப்பட்டது. ஏறத்தாழ கி.பி. 750, கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலம். பெர்பொளல்நாட்டின்மேல் பாய்ந்த ராஷ்டிரகூடர் படையைத் தடுத்து விழுந்தவன் கித்தய்யன். பெர்பொளல் என்றால் பெரிய பட்டணம். அதுவே தேய்ந்து ஹெப்பாள் ஆனது. ஆக, இந்த வட்டாரத்தில் ‘பெரிய பட்டணம்’ என்ற பேரை முதலில் வாங்கியது ஹெப்பாள்தான். இன்று அங்கே பெரியது மேம்பாலமும் அதன்மேல் நகராத கார்களும்தான். கித்தய்யன் கல்லுக்கு மட்டும் ஆர்வலர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒரு மண்டபம் கட்டிவிட்டார்கள்.