நாலாம் நாள் சூரியனும் ஒரு பிள்ளையின் கேள்வியும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்து எதிர்வீட்டுப் பிள்ளை அழுத முகத்தோடு வந்தாள். எட்டாம் வகுப்பு போகப் போகிறவள். வகுப்பில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். "சூரியனைக் கடவுள் நாலாம் நாள்தானே படைச்சார்? அப்போ முதல் மூணு நாளைக்குச் சாயங்காலமும் காலையும் எப்படி வந்துச்சு?" அதற்குக் கிடைத்த பதில், "இப்படியெல்லாம் கேட்கக் கூடாது, விசுவாசிக்கணும்." பிறகு தன் அறிவியல் புத்தகத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். "தாத்தா, பைபிள், இது, ரெண்டுல எது பொய்?"

அவள் கேட்டது புதிய கேள்வி அல்ல. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாண்டிரியாவில் ஓரிகன் என்ற வேத அறிஞர் இதையேதான் எழுதி வைத்தார். சூரியன், சந்திரன், நட்சத்திரம் இல்லாமல் மாலையும் காலையும் எப்படி இருந்திருக்கும், அந்த வார்த்தைகளை அப்படியே நடந்த சம்பவமாக எடுப்பது அறிவுடைமையா என்று கேட்டார். ஓரிகன் நாத்திகர் அல்ல. விசுவாசத்துக்காகச் சிறையில் சித்திரவதை பட்டவர். டார்வின் பிறக்க இன்னும் 1,500 ஆண்டுக்கு மேல் இருந்த காலம் அது.

அகஸ்டின் கதை இன்னும் சுவாரசியம். ஆதியாகமத்தின் முதல் அதிகாரங்களை அவர் ஒருமுறை அல்ல, பலமுறை எடுத்து விளக்க முயன்றார். ஒரு முயற்சியைப் பாதியில் விட்டார். கடைசியில் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பன்னிரண்டு பாகங்களில் பெரிய நூல் ஒன்றை முடித்தார். அதன் பெயரே 'ஆதியாகமத்தின் எழுத்தின்படியான பொருள்' என்பதுதான். ஆனால் உள்ளே அவர் சொன்னது, கடவுள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், அந்த ஆறு நாட்கள் நம்முடைய நாட்கள் அல்ல என்று! அதே நூலில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வானத்தையும் பூமியையும் பற்றி நன்றாகக் கற்ற ஒருவரிடம் போய், வேதத்தின் பெயரால் ஒரு கிறிஸ்தவர் தப்பும் தவறுமாகப் பேசினால் அவர் சிரிப்பார். நாம் அவமானப்படுவது பெரிதல்ல, உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை அவர் எப்படி நம்புவார் என்று அகஸ்டின் வருந்துகிறார்.

எல்லாப் பிதாக்களும் இப்படி நினைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பேசில், நேரடிப் பொருளிலேயே வாசித்தார். லூத்தரும் ஆறு சாதாரண நாட்கள் என்றே சொன்னார். கால்வின் நடுவில் ஒரு வழி காட்டினார். சந்திரன் பெரிய சுடர் என்று மோசே எழுதியிருக்க, சனிக்கோள் அதைவிடப் பெரிது என்கிறார்களே வானியலார் என்ற சிக்கலுக்கு, மோசே சாதாரண மக்களின் கண்ணுக்குத் தெரிவதை எழுதினார், வானியல் படிப்பைப் பழிக்க வேண்டாம் என்றார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் 'சூரியன் உதிக்கிறது' என்றுதானே நானும் சொல்லிக் கொடுத்தேன்!

உலகம் கி.மு. 4004-ல் உண்டானது என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? அயர்லாந்தின் அர்மா பேராயர் ஜேம்ஸ் அஷர், 1650-ல் வெளியிட்ட நூலில் இதைச் சொன்னார். வம்ச வரலாறுகளில் உள்ள வயதுகளைக் கூட்டி, பாபிலோன், பாரசீக அரசர்களின் காலத்தோடு இணைத்துப் பார்த்தார். அக்காலத்தில் அது மதிக்கத்தக்க ஆராய்ச்சி. அவரைக் கேலி செய்பவர்கள் அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. 1701-ல் ஆங்கில பைபிளின் ஓரத்தில் அந்த ஆண்டுகளை அச்சிட்டார்கள். பிறகு வந்த தலைமுறைகள் ஓரத்தில் இருந்ததையும் வேத வசனம் போலவே வாசித்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாறை அடுக்குகளை ஆராய்ந்து பூமி மிகப் பழையது என்று சொன்னவர்களில் பாதிரிமார்களும் இருந்தார்கள். கேம்பிரிட்ஜில் புவியியல் கற்பித்த ஆடம் செட்ஜ்விக் குருவானவர். மேற்பரப்பில் கிடக்கும் சரளைப் படிவுகள் எல்லாம் நோவாவின் வெள்ளத்தால் வந்தவை என்று முதலில் சொன்னவர், 1831-ல் புவியியல் சங்கத்தின் தலைவராக நின்று, தான் சொன்னது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இத்தனைக்கும் பிற்பாடு டார்வினை எதிர்த்தவர் அவர்.

இனி நான் சொல்ல நினைத்த வழக்குக்கு வருகிறேன். ஓர் ஆசிரியன் என்பதால் அதில் எனக்குத் தனி அக்கறை.

1925 மார்ச்சில் அமெரிக்காவின் டென்னசி மாநிலம், அரசுப் பள்ளிகளில் மனிதப் பரிணாமத்தைக் கற்பிப்பது குற்றம் என்று சட்டம் போட்டது. டேட்டன் என்ற சிற்றூரில் 24 வயது ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ் மீது வழக்கு. வேடிக்கை என்னவென்றால், பரிணாமப் பாடம் இருந்த புத்தகம் மாநிலமே அங்கீகரித்த பாடப்புத்தகம்! அதை விற்றது பள்ளிக் குழுத் தலைவரின் மருந்துக்கடை. புத்தகத்தை நடத்தினாலும் குற்றம், நடத்தாவிட்டாலும் கடமை தவறல். ஆசிரியர் நிலைமை எக்காலத்திலும் இதுதான் போலும். ஸ்கோப்ஸோ, அந்தப் பாடத்தை நடத்தினேனா என்பதே நிச்சயமில்லை என்று பின்னாளில் சொன்னார்.

அரசுத் தரப்பில் வந்தவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்றவர். அவரை வெறும் மூடர் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. வலியவன் வாழட்டும் என்ற தத்துவம் ஏழைகளை நசுக்கும் என்று அவர் அஞ்சினார். அந்தப் பாடப்புத்தகத்திலேயே மனித இனங்களைத் தரம் பிரித்து வெள்ளையரை உச்சியில் வைத்த பகுதி இருந்தது. அச்சத்தில் நியாயம் இருந்தது, எதிரியைத் தேடிய இடம்தான் தவறு.

ஜூலை 20 அன்று வெயில் தாங்காமல் விசாரணையை நீதிமன்றப் புல்வெளிக்கு மாற்றினார்கள். ஸ்கோப்ஸின் வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ, பிரையனையே சாட்சியாக ஏற்றினார். யோனாவின் மீன், நோவாவின் வெள்ளம், அஷரின் ஆண்டுக் கணக்கு என்று கேள்விகள் ஓடின. பூமி ஆறு நாளில் உண்டானதா என்று டாரோ கேட்டபோது, 24 மணி நேர நாட்களில் அல்ல என்றார் பிரையன். அந்த நாட்கள் நீண்ட காலங்களாகவும் இருக்கலாம் என்றார். வேதத்தைக் காக்க வந்த தளபதியே எழுத்துக்கு எழுத்து வாசிக்கவில்லை!

இன்று பல சபைகளில், பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான், ஆறு நாளும் 24 மணி நேரம்தான், இதை மறுத்தால் விசுவாசமே போச்சு என்று பேசுகிறார்கள். இதுவே ஆதி விசுவாசம் என்றும் சொல்கிறார்கள். இந்தப் போதனைக்கு அறிவியல் உடை போட்டவர் ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ், 1923-ல். அதை உலகெங்கும் பரப்பியது விட்காம், மாரிஸ் இருவரும் 1961-ல் வெளியிட்ட வெள்ளம் பற்றிய புத்தகம். அதாவது, அந்தப் புத்தகத்துக்கு என் வயதுதான்.

எதிர்வீட்டுப் பிள்ளையிடம் ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களையும் வாசிக்கச் சொன்னேன். முதலாவதில் மரமும் மிருகமும் வந்த பிறகு மனிதன். இரண்டாவதில் மனிதன் முதலில், பிறகு தோட்டம், பிறகு மிருகங்கள். அவளே கண்டுபிடித்துவிட்டாள். "ரெண்டையும் சேர்த்து வச்சவங்களுக்கு இது தெரியாதா தாத்தா?" என்றாள். தெரிந்துதான் வைத்திருப்பார்கள் என்றேன். அவர்கள் கால அட்டவணை எழுத உட்காரவில்லை, இந்த உலகம் யாருடையது என்று சொல்ல உட்கார்ந்தார்கள், அதனால் ரெண்டு புத்தகத்தில் எதுவும் பொய் இல்லை என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஓரிகன் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஸ்கோப்ஸுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஜூரிகள் ஒன்பது நிமிடத்தில் குற்றவாளி என்றார்கள். 100 டாலர் அபராதம். அபராதத் தொகையை ஜூரிகள் முடிவு செய்யாமல் நீதிபதி முடிவு செய்தார் என்ற நுட்பக் காரணத்தால் 1927-ல் மேல் நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டம் 1967 வரை நீடித்தது. பிரையன் விசாரணை முடிந்த ஐந்தாம் நாள் டேட்டனிலேயே காலமானார். ஸ்கோப்ஸ் அந்தப் பள்ளிக்குத் திரும்பவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கப் போனார்.