செருப்பும் கழுதையும்

முதுகலை வகுப்பில் தொல்காப்பியச் செய்யுளியலின் அங்கதப் பகுதியை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம் நேர்வதுண்டு. செம்பொருள் அங்கதம் என்பது முகத்துக்கு நேரே வைவது, பழிகரப்பு அங்கதம் என்பது பழியை மறைத்துச் சொல்வது. இவ்வளவு சொன்னதும் மாணவர்கள் எடுத்துக்காட்டுக் கேட்பார்கள். பழிகரப்புக்குக் கைவசம் ஔவை இருக்கிறார். தொண்டைமானின் படைக்கொட்டிலில் நெய்பூசி மாலைசூட்டி வைத்த வேல்களைப் புகழ்வதுபோலப் புகழ்ந்து, அவை போரையே காணாதவை என்று அவன் அரண்மனையிலேயே நின்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். செம்பொருளுக்கு நான் நூல்களைத் தேடுவதில்லை. எங்கள் மாவட்டத்துச் சாலை ஒன்றே போதும். கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் செல்லும் அந்தச் சாலை நாற்பத்தைந்து கிலோமீட்டர் அளவே இருக்கும். அதன் ஒரு முனையில் ஒரு செருப்பு, மறுமுனையில் ஒரு கழுதை.

செருப்பின் கதை பலருக்கும் தெரிந்ததே. 1944ஆம் ஆண்டு கடலூரில் கூட்டம் ஒன்றில் பேசிவிட்டு ரிக்ஷாவில் திரும்பிக்கொண்டிருந்த பெரியார் மீது இருட்டில் யாரோ செருப்பை வீசினர். அப்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு. வண்டி சிறிது தூரம் சென்றதும் திருப்பச் சொன்னார். ஒற்றைச் செருப்பு வீசியவருக்கும் உதவாது, தமக்கும் உதவாது, இணையாகக் கிடைத்தால் பயன்படுமே என்று போய், மற்றொன்றையும் எடுத்துக்கொண்டு வந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சொல்பவர்க்கேற்ப நுணுக்கங்கள் மாறுகின்றன. ஆனால் சிரிப்பு யார் பக்கம் சேர்ந்தது என்பதில் எவர் சொல்லிலும் மாற்றமில்லை.

நம் ஊரில் செருப்பு வெறும் தோற்பொருள் அன்று. யார் தெருவில் யார் அதை அணியலாம், யார் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் சாதி வகுத்துவைத்த பொருள் அது. வீசியவர் அந்த இழிவு முழுவதையும் சேர்த்தே வீசினார். பெரியார் அதனைச் சந்தைப் பொருளாக்கிவிட்டார். இணை உண்டா, அளவு சரியா என்று பார்ப்பவனை எப்படி அவமதிப்பது? நாணம் என்பது வாங்கிக்கொள்பவன் இருந்தால்தான் கைமாறும் சரக்கு. (அவரை மென்மையானவராக்குவது என் நோக்கமன்று. 1971 சனவரியில் சேலத்தில் அவர் கலந்துகொண்ட ஊர்வலத்தில் இராமர் உருவம் செருப்பால் அடிக்கப்பட்டது. நம்புகிறவர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்பதை அவரது அன்பர்கள் இன்றும் எளிதாகக் கடந்துவிடுகிறார்கள்.)

இனிச் சிதம்பரம். 1971 ஆகஸ்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முதலமைச்சர் மு. கருணாநிதிக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. மாணவருள் ஒரு பகுதியினர் எதிர்த்தனர். கழுதை ஒன்றின் கழுத்தில் ‘டாக்டர்’ என்று எழுதிய அட்டையை மாட்டி ஊர்வலம் விட்டார்கள் என்பது அக்காலத்தில் அங்குப் பயின்றோர் சொல்லிவரும் செய்தி.

கழுதைக்கும் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. பகைவரின் ஊரை வென்ற அரசன் அங்கே கழுதை பூட்டி உழுத செய்தியைப் புறநானூறு பேசுகிறது. முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார் அதனை வெற்றியின் அடையாளமாகவே வைக்கிறார். வலியவன் தோற்றவனுக்குச் செய்த இழிவு அது. சிதம்பரத்தில் அந்தக் கழுதை எளியவர் கைக்கு வந்தது. அதிகாரம் இல்லாதவர்கள் அதிகாரத்தின் பழைய ஆயுதத்தை எடுத்துக்கொண்டார்கள்.

ஆயினும் அந்த நகையாடலை என்னால் முழுமனத்தோடு இரசிக்க இயலவில்லை. பள்ளியிறுதித் தேர்வைக்கூடத் தாண்டாத ஒருவர், எளிய இசைவேளாளர் குடும்பத்தில் பிறந்தவர், தமிழால் மட்டுமே மேலே வந்தவர். அவருக்குப் பட்டமா என்ற கேள்வியில் படித்தவனின் இளக்காரம் கலந்திருக்கிறது. பதவியிலிருக்கும்போது பட்டம் பெறுவது முறையா என்பது நியாயமான கேள்விதான். அதைக் கழுதையிடம் கொடுத்தபோது கேள்வி சிறுத்துவிட்டது. தமிழ் படித்துப் பட்டம் வாங்கிப் பிழைக்கும் நான் இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது.

ஆனால் கேலிக்கு வந்த மறுமொழி தடி. காவலர்கள் மாணவர்களை அடித்தனர். பின்னர்ப் பல்கலைக்கழக வளாகத்துக் குளத்தில் ஓர் இளைஞனின் உடல் கிடைத்தது. உதயகுமார் என்ற மாணவன் அவன் என்றனர் உடன்பயின்றோர். தன் மகனின் உடல் அன்று அது என்று தந்தை சொன்னார். அச்சுறுத்தலால் அவ்வாறு சொல்லவைக்கப்பட்டார் என்று மாணவரும் எதிர்க்கட்சியினரும் குற்றஞ்சாட்டினர். விசாரணைக் கமிஷனும் அமைந்தது.

இதே பல்கலைக்கழகத்தின் மாணவன் இராசேந்திரன் 1965 சனவரி 27 அன்று, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் காவலரின் துப்பாக்கிக்குப் பலியானான். அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். இரண்டே ஆண்டுகளில் அவன் சார்ந்து நின்ற கோரிக்கைக்காரர்கள் ஆட்சிக்கு வந்தனர். அவனுக்குச் சிலை எழுந்தது. எழ வேண்டிய சிலைதான் அது. வளாகத்துக்குப் போகும்போதெல்லாம் சற்று நின்று பார்த்துவிட்டே நகர்வேன்.

அடுத்து 1972 வருகிறது. கடலூரில் செருப்பு வீசப்பட்ட இடத்திலேயே, கெடிலத்துப் பாலத்தருகே, பெரியாருக்குச் சிலை வைக்கப்பட்டது. திறந்துவைத்தவர் அதே முதலமைச்சர். தொண்ணூறு வயதைக் கடந்துவிட்ட பெரியாரின் வாழ்நாளிலேயே அது நடந்தது. வீசிய செருப்பைச் சிரிப்பால் வென்றவரைக் கொண்டாடும் விழா. முந்தைய ஆண்டு, அதே சாலையின் மறுமுனையில் ஒரு கழுதையைக் கண்டு அரசுக்குச் சிரிக்கத் தோன்றாமற் போயிற்று. ரிக்ஷாவில் தனியே போனவரிடம் இருந்த துணிவு, காவல்துறையைக் கையில் வைத்திருந்தவர்களிடம் இல்லை. கருணாநிதியோ நகைச்சுவைக்குப் பேர்போனவர். சட்டமன்றத்தில் எத்தனையோ வசைகளை ஒரு சொல்லால் கவிழ்த்தவர். அந்த நாக்கு அன்று சிதம்பரத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் கழுதை ஊர்வலம் அன்றைக்கே ஒரு வேடிக்கைக் கதையாகியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

எதிர்ப்பவர்களின் நாகரிகக் குறைவைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். கெட்ட கேலியைக் கெட்ட கேலி என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் செருப்பு வீசியவர் யார் என்று தேடி ரிக்ஷா திரும்பவில்லை, மற்றொரு செருப்பைத் தேடித்தான் திரும்பியது. இந்த வேறுபாட்டை வகுப்பில் விளக்க முயல்வேன். பெரும்பாலும் மணி அடித்துவிடும்.

சென்ற ஆண்டு அங்கதம் முடிந்து புறநானூற்றின் உவகைக்கலுழ்ச்சிப் பாடல்களுக்கு வந்தோம். களத்தில் புறமுதுகிட்டான் மகன் என்று ஊரார் சொல்லக் கேட்டுக் கொதித்த முதியவள் ஒருத்தி, கையில் வாளோடு போர்க்களம் புகுந்து, பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். துண்டுபட்டுக் கிடந்த மகனைக் கண்டு, பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்கிறாள். மாணவர்கள் வழக்கம்போல் அவள் வீரத்தைக் குறித்துக்கொண்டார்கள். எனக்கோ அவ்வேளையில் சிதம்பரத்துக் குளக்கரையும் அந்தத் தந்தையும் நினைவுக்கு வந்தனர். அவளுக்கு அந்த உடலைத் தன் மகனுடையது என்று உரக்கச் சொல்ல முடிந்திருக்கிறது.