நாக்குல மாவு

காய்ச்சல்னு சொல்லிக்கிட்டுப் போய் உட்கார்ந்தா, எங்க அப்பாயி நெத்தியத் தொட்டுப் பார்க்காது. "நாக்க நீட்டு சாமி" என்றுதான் முதலில் கேட்கும். வெள்ளையா இருந்தா "மாவு படிஞ்சிருக்கு, வயித்துல செரிக்கல". மஞ்சளா இருந்தா பித்தம். வறண்டு வெடிச்சிருந்தா அதுக்கு வேற கஷாயம். குன்னம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. பெரம்பலூருக்குப் போனாலும் அரியலூருக்குப் போனாலும் ஒரே அலைச்சல்தான், அதனால் பாதி வியாதி அப்பாயியின் திண்ணையிலேயே முடிந்துவிடும்.

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அது செய்தது சித்த வைத்தியத்தின் எண்வகைத் தேர்வில் ஒன்று என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு. நாக்கு வெளுத்துப் பிசுபிசுவென்று இருந்தால் கபம், மஞ்சளோ சிவப்போ என்றால் பித்தம், கறுத்து வெடித்தால் வாதம் என்று கணக்கு. சீன வைத்தியத்திலும் நாக்குதான் பெரிய சாட்சி. இங்கிலீஷ் டாக்டர்களும் ஒரு காலத்தில் நாக்கைப் பார்க்காமல் மருந்துச்சீட்டு எழுதியதில்லை. டைபாய்டு என்றால் நடுவில் வெள்ளையாகப் படிந்து ஓரமெல்லாம் சிவந்திருக்கும் என்பது பழைய பாடம். இரத்தப் பரிசோதனை வந்ததும் டாக்டர்கள் நாக்கை மறந்துட்டாங்க :-)

அந்த வெள்ளை என்னதான்? நாக்கின் மேல் நூல் நூலாக நுண்ணிய முளைகள் இருக்கின்றன. சாப்பாடு மென்று, எச்சில் ஊறி, நாக்கு அசைந்துகொண்டே இருந்தால் அவை தேய்ந்துகொண்டே இருக்கும். காய்ச்சலில் படுத்துச் சாப்பிடாமல் கிடந்தாலோ, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாலோ, தண்ணீர் குடிக்காவிட்டாலோ, பீடி சிகரெட் இழுத்தாலோ அந்த முளைகள் நீண்டுவிடும். செத்த செல்லும் பாக்டீரியாவும் உணவுத்துணுக்கும் அதில் தங்கும். மாவு என்பது அதுதான். ஆக வயிற்றைப் பற்றி அப்பாயி சொன்னது பாதி சரி. காரணம் வயிறு இல்லை, ஆனால் வயிறு கெட்டவன் சாப்பிடாமல் கிடப்பான், அதனால் நாக்கு வெளுக்கும். இதற்குச் சரகர் காலத்திலேயே தங்கம், வெள்ளி, செம்பில் நாக்கு வழிப்பான் சொல்லியாச்சு. எங்க வீட்டில் பனங்குச்சியோ வேப்பங்குச்சியோ இரண்டாகப் பிளந்தால் வழிப்பான் ரெடி.

வழித்தால் போகிற வெள்ளை இது. இன்னொரு வெள்ளை உண்டு. தயிர்த் திப்பி மாதிரி ஒட்டியிருக்கும், தேய்த்து எடுத்தால் அடியில் சிவந்து, சில சமயம் ரத்தம் கசியும். கைக்குழந்தைகளுக்கு அடிக்கடி வரும். அக்கரம் என்பார்கள். ஜெர்மன் டாக்டர் லாங்கன்பெக் 1839-ல் ஒரு டைபாய்டு நோயாளியின் வாயில் இருந்து இதை எடுத்துப் பார்த்து, அதில் பூஞ்சை இருப்பதைக் கண்டார். கண்டவர், டைபாய்டுக்கே அதுதான் காரணம் என்று நினைத்துவிட்டார்! காய்ச்சலில் பலவீனமான உடம்பில் அது வந்து குடியேறியது என்பது அவருக்குத் தோன்றவில்லை. 1840களில் ஸ்வீடனில் பெர்க் என்ற குழந்தை டாக்டர்தான் இந்தப் பூஞ்சையே அக்கரத்துக்குக் காரணம் என்று காட்டினார். கேண்டிடா என்ற பெயர் வந்தது 1923-ல்.

அக்கரத்துக்கு எங்க பக்கம் மாசிக்காயை உரசித் தடவுவார்கள், இல்லையென்றால் பொரித்த வெங்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவுவார்கள். நாட்டு வைத்தியம் என்று சிரிக்காதீங்க. இங்கிலீஷ் ஆஸ்பத்திரிகளிலும் அப்போது வெங்காரத்தைக் கிளிசரினில் கலந்து இதையேதான் செய்தார்கள். (இப்போ வேண்டாம். வெங்காரம் குழந்தைக்கு நஞ்சு, ஒரு வயசுக்குள் தேனும் கூடாது.) அதற்கப்புறம் ஊதா மருந்து வந்தது, ஜென்ஷன் வயலெட். வாயெல்லாம் நாவற்பழம் தின்ற மாதிரி இருக்கும். நிஜமான மருந்து 1950-ல் வந்தது. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள், நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவர்கள். ஹேசன் தன் சிநேகிதர் வீட்டுப் பண்ணை மண்ணில் இருந்த ஒரு கிருமியிலிருந்து எடுத்தது நிஸ்டாட்டின். நியூயார்க் ஸ்டேட் என்பதைச் சுருக்கித்தான் அந்தப் பெயர். ராயல்டியாக வந்த கோடிக்கணக்கான பணத்தை இரண்டு பேரும் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

பெரியப்பா மகன் லாரி டிரைவர். அரியலூர் சுண்ணாம்புக்கல் லோடு, அப்புறம் பெரம்பலூர் வழியா மெட்ராஸ் ரூட். 1997 வாக்கில் மெலிய ஆரம்பித்தார். சாப்பாடு இறங்கவில்லை, தொண்டை எரிகிறது என்றார். வழக்கம்போல அப்பாயி "நாக்க நீட்டு" என்றது. நாக்கு, மேல் அண்ணம், கன்னத்து உள்பக்கம் எல்லாம் வெள்ளைத் திப்பி. அப்பாயி துணியால் துடைத்துப் பார்த்தது. அடியில் ரத்தச் சிவப்பு. "இது சின்னப் புள்ளைக்கு வர்றதாச்சேடா, உனக்கு எப்படிடா வந்துச்சு?" என்று கேட்டது. அந்தக் கேள்வியை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சர்க்கரை வியாதி, ரொம்ப நாள் ஆன்ட்டிபயாடிக், பல் செட், ஆஸ்துமா இன்ஹேலர், இதனாலெல்லாம் பெரியவர்களுக்கும் அக்கரம் வரும். ஆனால் எந்தக் காரணமும் தெரியாத இளவயதுக்காரருக்கு வந்தால் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று. 1981 ஜூன் 5-ல் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களைப் பற்றி ஒரு சின்ன அறிக்கை வந்தது. எய்ட்ஸ் பற்றி உலகத்துக்குக் கிடைத்த முதல் செய்தி. அந்த ஐந்து பேருக்கும் இந்தப் பூஞ்சைத் தொற்று இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டுபிடித்ததும் நம்ம சென்னையில்தான், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில். 1994-ல் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென்றே தமிழக அரசு தனிச் சங்கம் ஆரம்பித்தது, லாரி டிரைவர்கள் மத்தியில் பிரசாரமும் நடந்தது. புள்ளிராஜாவெல்லாம் அதற்கப்புறம், 2000களில்.

அண்ணனைக் காட்டிய முதல் இடத்தில் உடம்புச்சூடு என்று பி-காம்ப்ளெக்ஸ் கொடுத்தார்கள். இரண்டாவது இடத்தில் வாயைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. மூணாவதாகத் திருச்சியில் பார்த்த டாக்டர், நாக்கைப் பார்த்த அடுத்த நிமிஷமே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அதற்குள் ஏழெட்டு மாதம் போயிருந்தது. வாய்க்கு மருந்து கொடுத்தார்கள், திப்பி ஒரு வாரத்தில் மறைந்தது, அண்ணன் கறிக்குழம்பு கேட்டுச் சாப்பிட்டார். சரியாயிடுச்சுன்னு நெனச்சோம். அடியில் இருந்த நோய்க்கு வெளிநாட்டில் கூட்டு மருந்து வந்திருந்தது, விலை நாங்கள் கேட்கக்கூட முடியாதது. 1998 ஆவணியில் போய்விட்டார். ஊரில் மஞ்சக்காமாலை என்று சொன்னோம். இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அரசு ஆஸ்பத்திரிகளில் ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரல் 1-ல். ஆறு வருஷம் கூட இல்லை.

மூன்றாவது வெள்ளை ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வழித்தாலும் போகாது, துடைத்தாலும் போகாது, வலிக்கவும் வலிக்காது. வெத்தலையோடு புகையிலை அடக்குகிறவர்களுக்கு வரும் லுகோபிளாக்கியா. 1877-ல் புடாபெஸ்ட் டாக்டர் ஷ்விம்மர் வைத்த பெயர். சிலருக்குப் புற்றுநோயாக மாறும். இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு வெள்ளைத் திட்டு அப்படியே இருந்தால் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள். டாக்டர் பார்க்காவிட்டால் பார்க்கச் சொல்லுங்கள்.

அண்ணிக்கும் தொற்று இருந்தது. 2006-லிருந்து மருந்து சாப்பிடுகிறார், மாதாமாதம் திருச்சிக்குப் பஸ் ஏறி வாங்கி வந்தார். இப்போதும் மக்காச்சோளம் போடுகிறார், பேரன் எடுத்துவிட்டார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதினேன். "எழுது தம்பி, ஊர்ப்பேரு மட்டும் போடாத" என்றார்.