கம்பிவலைக்கு அப்பால்

நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில், ஒட்செகோ ஏரியின் தென்கரையில் கூப்பர்ஸ்டவுன் என்றொரு சிற்றூர் உள்ளது. நிலையாக வாழ்வோர் இரண்டாயிரத்துக்கும் குறைவு. ஆயினும் பேஸ்பால் ஆட்டத்தில் ஊறிய அமெரிக்கர், நம்மவர் காசிக்குப் போய்வர விரும்புவது போல, வாழ்நாளில் ஒருமுறையேனும் அங்கே போய்வர விரும்புவர். இத்தனை பெருமைக்கும் அடித்தளம் ஒரு கட்டுக்கதை.

பேஸ்பால் இங்கிலாந்துச் சிறுவர்களின் ரவுண்டர்ஸ் விளையாட்டிலிருந்து கிளைத்தது என்று ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகையாளர் எழுதிவந்தார். விளையாட்டுப் பொருள் வணிகர் ஆல்பர்ட் ஸ்பால்டிங்குக்கு இது பொறுக்கவில்லை. தேசிய விளையாட்டுக்கு அயல்நாட்டுப் பூர்வீகமா என்று வெகுண்டார். அவரது தூண்டுதலால் 1905இல் ஆராய்ச்சிக் குழு ஒன்று அமைந்தது. டென்வரில் வாழ்ந்த ஆப்னர் கிரேவ்ஸ் என்ற சுரங்கப் பொறியாளர், ஆப்னர் டபிள்டே என்பவர் கூப்பர்ஸ்டவுனில் இவ்வாட்டத்தை வகுத்ததாகத் தம் இளமை நினைவிலிருந்து எழுதினார். குழுவுக்கு அது போதுமானதாக இருந்தது. 1839ஆம் ஆண்டே பிறப்பாண்டு என 1907இன் இறுதியில் தீர்ப்பளித்துவிட்டது. அவ்வாண்டில் கிரேவ்ஸுக்கு வயது ஐந்து. டபிள்டேயோ வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளியில் மாணவர். பின்னாளில் உள்நாட்டுப் போரில் புகழ்பெற்ற தளபதியான அவர், இந்த ஆட்டத்தைத் தாம் கண்டுபிடித்ததாக எங்கும் எழுதவில்லை. 1871இல் டெக்சாஸில் கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கியபோது, வீரர்களின் பொழுதுபோக்குக்காக பேஸ்பால் சாதனங்கள் வாங்க அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதினார். கண்டுபிடிப்பாளராகக் கொண்டாடப்பட்டவருக்கும் ஆட்டத்துக்கும் எஞ்சியிருக்கும் எழுத்துச் சான்று அதுதான். அதுவும் கறுப்பின வீரர்களுக்காக. இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறேன்.

1934இல் கூப்பர்ஸ்டவுனை அடுத்த சிற்றூரில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து கிழிந்த பழம்பந்து ஒன்று கிடைத்தது. ஸ்டீபன் கிளார்க் என்ற உள்ளூர்ச் செல்வர் அதை 5 டாலருக்கு வாங்கி, "டபிள்டே பந்து" என்று காட்சிக்கு வைத்தார். கிளார்க் குடும்பத்தின் செல்வம் சிங்கர் தையல் இயந்திரத்தால் வந்தது. நம் பாட்டிமார் மிதித்த அதே சிங்கர்தான். அந்தப் பந்திலிருந்து வளர்ந்த அருங்காட்சியகமும் புகழ் மன்றமும் 1939 ஜூன் 12 அன்று திறக்கப்பட்டன. டபிள்டே கதை பொய் என்பதை இன்று அந்த நிறுவனமே மறைப்பதில்லை. ஆனால் கதை பொய்த்தபின்னும் கட்டடம் நிற்கிறது. யார் நினைக்கப்பட வேண்டும் என்று முடிவுசெய்யும் அதிகாரமும் அதனிடமே இருக்கிறது.

நானும் என் மனைவியும் கடந்த கோடையில் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, மைதானங்களையும் விளையாட்டு அருங்காட்சியகங்களையும் பார்த்தவாறு அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் வரை காரில் சென்றோம். ஏறத்தாழ 2,400 மைல். ஆட்ட நுணுக்கம் அறிந்தவர் அவர். ஒவ்வொரு பந்தையும் ஆட்டக் குறிப்பேட்டில் பென்சிலால் பதிந்துகொண்டே பார்ப்பவர். எனக்குப் பழைய செய்திகளில்தான் நாட்டம். கூப்பர்ஸ்டவுன் நான் முன்பே விரும்பியது. கான்சஸ் நகரும் பர்மிங்ஹாமும் அவர் சேர்த்தவை.

பாஸ்டனின் ஃபென்வே மைதானம் 1912 ஏப்ரல் 20 அன்று திறக்கப்பட்டது. டைட்டானிக் மூழ்கி ஐந்து நாட்களே ஆகியிருந்தன. இடது புறத்தில் 37 அடிக்கும் மேல் எழும் பச்சைச் சுவரைப் படம்பிடிக்காத பயணி இல்லை. அந்தச் சுவருக்கு எதிரே 1945 ஏப்ரல் 16 அன்று ஜாக்கி ராபின்சன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ் ஆகிய மூன்று கறுப்பின வீரர்களுக்கு ஒரு தேர்வு நடந்தது. நகரமன்ற உறுப்பினர் ஒருவரின் வற்புறுத்தலுக்காக நடத்தப்பட்ட கண்துடைப்பு அது. மூவரில் எவரையும் ரெட் சாக்ஸ் அணி திரும்ப அழைக்கவில்லை. ஈராண்டுகள் கழித்து ராபின்சன் புரூக்ளின் அணிக்காக ஆடிப் பெரும் லீகின் நிறத்தடையை உடைத்தார். ரெட் சாக்ஸோ 1959 வரை, மற்ற எல்லா அணிகளும் மாறிய பின்னும், வெள்ளையர் அணியாகவே நீடித்தது.

விந்தையாக, அதே ரெட் சாக்ஸின் நட்சத்திரம் டெட் வில்லியம்ஸ்தான் 1966இல் கூப்பர்ஸ்டவுன் மேடையில் தமக்களிக்கப்பட்ட கௌரவத்தை ஏற்றுப் பேசியபோது, சாட்செல் பேஜும் ஜோஷ் கிப்சனும் வாய்ப்பு மறுக்கப்பட்டதாலேயே அங்கு இடம்பெறவில்லை, அவர்களும் ஒருநாள் சேர்க்கப்பட வேண்டும் என்றார். 1971இல் பேஜ் தேர்வானார். முதலில் நீக்ரோ லீக் வீரர்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கவே எண்ணினர். ஏச்சு எழுந்த பின்னரே அம்முடிவு கைவிடப்பட்டது. நிறப்பிரிவினையின் நினைவுச் சின்னத்திலேயே நிறப்பிரிவினை செய்ய முனைந்ததைக் காட்டிலும் நகைப்புக்குரியது உண்டா?

புகழ் மன்றத்தின் நீண்ட கூடத்தில் நூற்றுக்கணக்கான வெண்கலப் பட்டயங்கள். என் மனைவி நேராகச் சென்று நின்றது எஃபா மான்லியின் பட்டயத்தின் முன். அக்கூடத்தில் இடம்பெற்ற முதல் பெண் அவர், 2006இல் சேர்க்கப்பட்டார். எஃபாவும் ஏப் மான்லியும் 1933இல் மணந்தவர்கள். முந்தைய ஆண்டின் உலகத் தொடர் ஆட்டத்தின்போது யாங்கி மைதானத்தில் தாங்கள் சந்தித்ததாக எஃபா கூறியிருக்கிறார். சட்டத்துக்குப் புறம்பான எண் லாட்டரியில் ஏப் ஈட்டிய பணம் 1935இல் ஓர் அணியாயிற்று. அடுத்த ஆண்டு அது நியூஜெர்சியின் நெவார்க் நகருக்குக் குடிபெயர்ந்து நெவார்க் ஈகிள்ஸ் எனப்பட்டது. கணக்கும் ஒப்பந்தமும் எஃபாவின் பொறுப்பு. 1946இல் அவர்கள் அணி கான்சஸ் நகர மோனார்க்ஸை வென்று நீக்ரோ உலகத் தொடரைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டே ஆட்டம் கண்டது தொழில். வெள்ளையர் அணிகள் சிறந்த வீரர்களை எடுத்துச் செல்லத் தொடங்கின. ராபின்சனுக்காகவோ டான் நியூகம்புக்காகவோ புரூக்ளின் அணி ஒரு காசும் தரவில்லை. லாரி டோபியை கிளீவ்லாந்துக்கு விட்டுக்கொடுத்தபோது எஃபா வாதாடிப் பெற்றது 15,000 டாலர். 1948இன் முடிவில் அணியைக் கைவிட்டனர். தடை உடைந்ததைக் கொண்டாடும் கதைகளில், அதனால் அழிந்த கறுப்பினத் தொழில் முயற்சிகளுக்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்படுவதில்லை என்பது என் வருத்தம்.

டெட்ராய்ட், சிகாகோ, டையர்ஸ்வில் ஆகிய மூன்றையும் விரைந்து சொல்லிவிடுகிறேன். ஃபென்வே திறந்த அதே நாளில் திறந்த டெட்ராய்ட் டைகர் ஸ்டேடியம் 2008-09இல் இடிக்கப்பட்டது. புல்தரையைச் சில ஆண்டுகள் ரசிகர்களே வெட்டிப் பேணினர். இப்போது அங்கே சிறுவர்கள் ஆடுகிறார்கள். சிகாகோவின் ரிக்லி மைதானத்துச் சுவரில் 1937இல் நட்ட கொடி இன்றும் படர்ந்திருக்கிறது. 1988 வரை அங்கே இரவு விளக்கு கிடையாது. அயோவாவின் சோளக் காட்டில் 1989ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றுக்காக அமைத்த டையர்ஸ்வில் மைதானம் அழகாகத்தான் இருக்கிறது. படத்தில் மாண்ட ஆட்டக்காரர்கள் சோளத்தட்டைகளினூடே வெளிவந்து ஆடுவார்கள். வருவோர் வெள்ளையர் மட்டுமே. கனவுக்கும் நிறத்தடை இருந்தது போலும்.

கான்சஸ் நகரின் பதினெட்டாம் தெருவும் வைன் தெருவும் கூடுமிடத்தில் நீக்ரோ லீக் அருங்காட்சியகம் இருக்கிறது. "நீக்ரோ" என்ற சொல் இன்று வழக்கொழிந்ததாயினும், வரலாற்றுப் பெயரென்பதால் அதை அவர்களே காத்துவருகின்றனர். 1920 பிப்ரவரியில் ரூப் ஃபாஸ்டர் தலைமையில் நீக்ரோ நேஷனல் லீக் நிறுவப்பட்ட கட்டடம் அங்கிருந்து நடக்கும் தொலைவில்தான். 1990இல் ஓர் அறையில் தொடங்கிய இவ்வருங்காட்சியகம் 1997இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. அதே கூரையின் கீழ் ஜாஸ் அருங்காட்சியகமும் இயங்குகிறது.

நுழைந்ததும் நடுவே ஒரு சிறிய மைதானம். அதில் ஆளுயர வெண்கல வீரர்கள் தத்தம் நிலைகளில் நிற்கின்றனர். ஆனால் உள்ளே போக முடியாது. கோழிக்கூட்டுக்குக் கட்டும் கம்பிவலை குறுக்கே நிற்கிறது. வலையினூடே பார்த்துவிட்டு, சுற்றிவரும் பாதையில் அரை நூற்றாண்டு வரலாற்றைப் படித்து முடித்த பின்னரே மைதானத்தில் கால்வைக்க வழி திறக்கிறது. பெரும் பொருட்செலவுக் காட்சியகங்கள் பலவற்றிலும் நான் கண்டிராத உத்தி இது. விளக்கப்பலகை ஏதும் இன்றியே செய்தி உடலில் பதிந்துவிடுகிறது.

அப்பாதையில் விரிவது பெரும்பாலும் சாலையின் வரலாறு. லீக் ஆட்டங்களின் வருவாய் மட்டும் போதாமையால், இவ்வணிகள் ஊர் ஊராகச் சென்று உள்ளூர் அணிகளோடு மோதின. நம் நாடகக் கம்பெனிகளை நினைத்துக்கொள்ளலாம். 1930இலேயே மோனார்க்ஸ் அணி லாரிகளில் மின்விளக்குகளை ஏற்றிச் சென்று இரவில் ஆடியது. பெரும் லீகில் முதல் இரவாட்டம் நடந்ததோ 1935இல். ஆட்டம் முடிந்தபின் தங்க விடுதி கிடைக்காது. உணவகத்தின் முன்வாயில் திறக்காது. பேருந்திலேயே உறங்கினர். ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936 முதல் வெளியிட்ட பச்சைக் கையேடு, கறுப்பினப் பயணிகளை ஏற்கும் வீடுகளையும் விடுதிகளையும் ஊர்வாரியாகத் தந்தது. மான்லி தம்பதியர் தம் வீரர்களுக்குக் குளிர்சாதனப் பேருந்து வாங்கித் தந்தது ஆடம்பரமன்று. அதுதான் அவர்களுக்கு வீடு.

பக் ஓ'நீல் பலமுறை சொன்ன நிகழ்ச்சி ஒன்று. 1945இல் ஓக்லஹோமாவின் மஸ்கோகி நகரில், அணி வழக்கமாகப் பெட்ரோல் நிரப்பும் நிலையத்தில் பேருந்து நின்றது. ராபின்சன் இறங்கிக் கழிப்பறைக்கு நடந்தார். கூடாதென்று தடுத்தார் உரிமையாளர். அப்படியானால் குழாயை எடுத்துவிடுங்கள், வேறிடத்தில் வாங்கிக்கொள்கிறோம் என்றார் ராபின்சன். இரு தொட்டிகளிலும் சேர்த்து 100 காலன் பெட்ரோல். இழக்க மனமின்றி உரிமையாளர் வழிவிட்டார். கழிப்பறை தராத இடத்தில் பெட்ரோல் வாங்குவதில்லை என்பது அதன்பின் அணியின் விதியாயிற்று. ஓ'நீல் அப்போது கடற்படையில் இருந்தார். தோழர்கள் சொல்லக் கேட்டதே. வாய்மொழி வரலாறு இவ்வாறுதான் உயிர்வாழ்கிறது.

இந்த இடத்தில் ஜோஷ் கிப்சனின் எண்கள் பொருள் பெறுகின்றன. கூப்பர்ஸ்டவுன் பட்டயம் அவர் ஏறக்குறைய 800 ஹோம் ரன் அடித்ததாகச் சொல்கிறது. பெரும் லீக் நிர்வாகம் 2020இல் நீக்ரோ லீகுகளைத் தனக்கு நிகரென ஏற்று, 2024இல் அவற்றின் கணக்கைத் தன் ஏட்டில் சேர்த்தது. கிப்சனின் பேட்டிங் சராசரி 0.372, டை காபின் 0.367ஐ முந்தி வரலாற்றிலேயே முதலிடம் பெற்றது. ஆனால் அதே ஏட்டில் அவருடைய ஹோம் ரன்கள் இருநூறுக்கும் குறைவு. எஞ்சியவை எங்கே? முறையான லீக் ஆட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும். வழியோர ஊர்களில் ஆடியவற்றுக்கு ஏடு இல்லை. ஆய்வாளர்கள் கறுப்பினப் பத்திரிகைகளின் பழைய பக்கங்களைத் துழாவி மீட்டவையே இவ்வளவும். மிகுதி சாலையில் சிதறிவிட்டது. கிப்சன் 1947 ஜனவரியில், ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்தார். எண்களில் தோய்ந்த என் மனைவியே, "இந்தக் கணக்கு முதலிடத்தைத் தந்துவிட்டது, வாழ்க்கையைத் தரவில்லையே" என்றார்.

இவ்வருங்காட்சியகத்தைக் கட்டியெழுப்பியோரில் முதன்மையானவர் ஓ'நீல். 2006இல் ஒரு சிறப்புக் குழு கறுப்பின பேஸ்பால் சார்ந்த 17 பேரைப் புகழ் மன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. எஃபா மான்லி அவர்களுள் ஒருவர். 94 வயதான ஓ'நீல் தேர்வாகவில்லை. பதினேழு பேரும் மறைந்துவிட்டமையால் அவர்கள் சார்பில் விழாவில் பேச ஒருவர் தேவைப்பட்டார். ஓ'நீல் இசைந்து, மேடையேறி, கசப்பின்றிப் பேசி, கூட்டத்தைப் பாடவும் வைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் மறைந்தார். 2022இல் அவருக்கும் பட்டயம் வைத்தார்கள். பெருந்தன்மை அவருடையது; தாமதத்துக்கு அது சமாதானமாகிவிடாது.

லூயிவில்லில் 120 அடி உயர மட்டையைப் பார்த்துவிட்டு, 65ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கிப் பர்மிங்ஹாமை அடைந்தோம். 1910இல் திறந்த ரிக்வுட் மைதானம், எஞ்சியுள்ள தொழில்முறை மைதானங்களிலேயே மூத்தது. வெள்ளையரின் பேரன்ஸ் அணியும், கறுப்பினத்தாரின் பிளாக் பேரன்ஸ் அணியும் வெவ்வேறு நாட்களில் ஆடிய இடம். 1948இல் பதின்ம வயது வில்லி மேஸ் இங்கே ஆடினார். 1950களின் தொடக்கத்தில் இந்நகரின் சட்டம், வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து சீட்டு, தாயக்கட்டை, பேஸ்பால் ஆகியவற்றை ஆடுவதைக் குற்றமாக்கியிருந்தது. நாங்கள் சென்ற நாளில் ஆட்டம் இல்லை. வலது புறம், ஒருகாலத்தில் கறுப்பின ரசிகர்களை ஒதுக்கி அமர்த்திய பகுதியின் பக்கம் என் மனைவி வெகுநேரம் நின்றிருந்தார்.

2024 ஜூன் 20 அன்று நீக்ரோ லீகுகளைப் போற்றும் வகையில் பெரும் லீக் ஆட்டம் ஒன்று ரிக்வுட்டில் நடந்தது. இரண்டு நாள் முன்னர்தான் மேஸ் காலமாகியிருந்தார். நேரலையில் விருந்தினராக வந்த ரெஜி ஜாக்சனிடம், இங்கே திரும்பி வந்தது எப்படி இருக்கிறது என்று கேட்டனர். இனிய நினைவுகளை எதிர்பார்த்த கேள்வி அது. அவரோ 1967இல் இவ்வூரில் ஆடியபோது உணவகங்களும் விடுதிகளும் தம்மை விரட்டியதை, முழு நாடும் பார்த்துக்கொண்டிருக்க, ஒளிக்காமல் சொன்னார். சக ஆட்டக்காரர் ஜோ ரூடியும் அவர் மனைவி ஷாரனும் தங்கள் வீட்டு சோபாவில் வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் அவரை உறங்க வைத்தனர். ஒன்றரை மாதம் அப்படிக் கழிந்தது. கட்டடத்தையே கொளுத்திவிடுவோம் என்று மிரட்டல் வந்தபின் அவர் அங்கிருந்து வெளியேறினார்.