முகாமில் பிறந்த பிள்ளையின் கோபம்

1990 ஒக்டோபர் கடைசியில் மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் படகுகளில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். வடக்கைவிட்டு வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டிருந்தார்கள். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு அந்த மாதம் 30ஆம் திகதி கிடைத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். வீடு, கடை, நகை என எல்லாவற்றையும் இழந்து வடக்கிலிருந்து சுமார் 75,000 பேர் வெளியேறினார்கள். பெரும்பாலானோர் தங்கியது புத்தளம் மாவட்டத்தில். தில்லையடி, ஆலங்குடா, உப்பளத்தை ஒட்டிய வெளி என்று எங்கும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன.

அந்தக் கொட்டில்களில் பிறந்த பிள்ளைகளைப் பற்றி எழுதப்பட்டது குறைவு.

அவர்கள் துப்பாக்கியையும் காணவில்லை, விட்டுவந்த ஊரையும் காணவில்லை. ஆனாலும் “உங்கட ஊர் எது?” என்று கேட்டால் எருக்கலம்பிட்டி என்றோ சோனகத்தெரு என்றோ சொல்லும் பிள்ளைகள் இருந்தார்கள். உம்மம்மா இரவில் சொன்ன கிணறும் முற்றமும் அவர்களுடையதாகிவிட்டன. எருக்கலம்பிட்டி மக்கள் குடியேறிய நாகவில்லுவில் பாடசாலைக்கும் பழைய ஊரின் பெயரையே வைத்தார்கள். காணாத ஊரின் பெயரைப் பிள்ளை நாள்தோறும் கொப்பியில் எழுதியது. வெளியே போனால் ‘அகதி’ என்ற சொல் காதில் விழுந்தது. ஏக்கம் வீட்டிலிருந்தும் வெட்கம் தெருவிலிருந்தும் வந்தன.

இடம்பெயர்ந்த பிள்ளை முரண்டு பிடித்தால், பேசாமல் ஒதுங்கினால், யுத்தம்தான் காரணம் என்று முடிவுகட்டுவது பெரியவர்களுக்கு எளிது. ஆய்வுகள் இன்னும் கிட்டவுள்ள காரணங்களைக் காட்டுகின்றன. புத்தளத்தில் இடம்பெயர்ந்து வாழ்ந்த வளர்ந்தோர் 450 பேரிடம் செஸ்மல் சிறிவர்தன குழுவினர் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனநெருக்கீடு 2.4 வீதத்தினரிடமே இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான உளப் பாதிப்புகளில் ஏதேனும் ஒன்றேனும் 18.8 வீதத்தினரிடம் இருந்தது. உணவுக்கு உத்தரவாதம் இல்லாமையோடு அது தொடர்புபட்டிருந்தது. இது பெற்றோர் வயதினரின் கணக்கு. ஆனால் அடுப்பு எரியாத வீட்டில் உம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளையைவிடக் கூர்ந்து பார்ப்பவர் யார்? காயத்ரி பெர்னாண்டோ குழுவினர் இலங்கைச் சிறார்களிடமும் இளையோரிடமும் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வும், யுத்தமும் சுனாமியும் தந்த காயம் அன்றாட நெருக்கடிகளின் வழியாகவும் அவர்களைத் தாக்கியது என்றது.

அப்படிப் பார்த்தால், 2007இல் உலக வங்கியின் நிதியில் புத்தளத்தில் தொடங்கிய வீடமைப்புத் திட்டமும் பிள்ளைகளின் மனநலப் பணிதான். மழைக்கு ஒழுகாத கூரையின் கீழ் பெரியவர்களின் சிடுசிடுப்பும் குறையும்.

கூரை மட்டும் போதாது. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், கனடியக் கலைஞர் போல் ஹோகனும் யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒன்றாக விளையாடவிட்டார்கள். களிமண்ணும் வர்ணமும் கதையும் அங்கே பிள்ளைகளின் மொழியாயின. “என்ன நடந்தது?” என்று யாரும் குடையவில்லை. பிள்ளை பிசைந்த களிமண்ணிலேயே பயம் வெளியே வந்தது. அதைத் தன் கையில் வைத்துப் பார்க்கவும் முடிந்தது.

புத்தளத்தில் இப்போது வளர்வது மூன்றாம் தலைமுறை. ஒக்டோபர் வரும்போது வெளியேற்றத்தின் கதை வீடுகளில் மறுபடி பேசப்படுகிறது, பேசப்படத்தான் வேண்டும். அந்த நாட்களில் வகுப்பில் ஒரு பிள்ளை காரணமில்லாமல் அழுதால், முன்பள்ளி ஆசிரியைகளே, அதட்டிவிடாதீர்கள். நேற்றிரவு வீட்டில் என்ன கதை சொன்னார்கள், காலையில் என்ன சாப்பிட்டது, வழியில் யார் என்ன சொன்னார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.