கார் ஒலிக் கருவியின் வரலாறு: பழைய காரில் புதிய இசை

ஒரு குடும்பக் கார் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடக்கூடியது. அதில் பொருத்தப்பட்ட ஒலிக் கருவிக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. கருவி பழுதாகாமல் இருந்தாலும், அதில் போட வேண்டிய ஒலிநாடாவோ குறுந்தகடோ வழக்கொழிந்துவிடுகிறது. எஞ்சினின் ஆயுளுக்கும் இசைக் கருவியின் ஆயுளுக்கும் உள்ள இந்த இடைவெளியால்தான் பழைய காரில் புதிய ஒலிக் கருவி பொருத்தும் தொழில் உலகெங்கும் வளர்ந்தது. அது எளிதாக நடந்ததற்கு முக்கியக் காரணம், டேஷ்போர்டில் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு திறப்பு. அந்தத் திறப்பு எப்படி வந்தது, இன்று ஏன் மறைந்து வருகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வெற்றிடக் குழாய்க் காலம்

கார் வானொலி பிறந்ததே, வானொலி இல்லாத காரை மேம்படுத்தும் வேலையாகத்தான். 1930-ஆம் ஆண்டு சிகாகோவைச் சேர்ந்த பால் கால்வின், தம் நிறுவனம் உருவாக்கிய வானொலியைத் தமது ஸ்டூட்பேக்கர் காரில் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்கு ஓட்டிச் சென்றார். அங்கே அவருக்கு அரங்கம் இல்லை. காரை வெளியில் நிறுத்தி, வானொலியை ஒலிக்கவிட்டே ஆணை பிடித்தார். அந்தக் கருவிக்கு அவர் சூட்டிய பெயர் 'மோட்டோரோலா'. பின்னாளில் அதுவே நிறுவனத்தின் பெயராயிற்று.

அக்காலத்தில் இதைப் பொருத்துவது எளிய வேலை அன்று. அன்றைய அமெரிக்கக் கார்களில் மின்கலம் பெரும்பாலும் 6 வோல்ட் மட்டுமே. வெற்றிடக் குழாய்களுக்கோ நூறு வோல்ட்டுக்கு மேல் தேவை. அதற்காகத் தனி உலர் மின்கலங்களைக் காரின் தரைக்கு அடியில் வைத்தனர். வானொலி ஓரிடத்தில், ஒலிபெருக்கி வேறிடத்தில், அலைவாங்கிக் கம்பி கூரையில் எனக் கருவி கார் முழுவதும் பரவியிருந்தது. எஞ்சினின் தீப்பொறிச் செருகிகள் எழுப்பும் மின் இரைச்சலையும் அடக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் 1932-இல் புளோபுங்க்ட் நிறுவனம் வெளியிட்ட ஏ.எஸ். 5 என்னும் கார் வானொலி ஏறத்தாழ 15 கிலோ எடை கொண்டது. டேஷ்போர்டில் அதற்கு இடம் இல்லாததால், ஸ்டீயரிங் தண்டில் பொருத்திய சிறு கட்டுப்பாட்டுப் பெட்டியின் மூலம் இயக்கினர்.

டிரான்சிஸ்டரும் ஒலிநாடாவும்

1947-இல் பெல் ஆய்வகத்தில் உருவான டிரான்சிஸ்டர் இந்த நிலையை மாற்றியது. 1955-இல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் முழுவதும் டிரான்சிஸ்டரால் இயங்கும் கார் வானொலியை அறிவித்தன. உயர் மின்னழுத்தம் தேவையில்லாமல் போயிற்று. கருவி சிறுத்தது, சூடு குறைந்தது, காரின் மின்கலமே போதுமானதாயிற்று.

வானொலி நிலையம் ஒலிபரப்புவதை மட்டும் கேட்காமல், பயணி தானே பாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விருப்பம் அடுத்து எழுந்தது. 1956 மாடல் கிரைஸ்லர் கார்களில் 'ஹைவே ஹை-ஃபை' என்னும் இசைத்தட்டுக் கருவி வந்தது. அதற்கென்றே தனி இசைத்தட்டுகள் வேண்டியிருந்தன. ஊசியும் அடிக்கடி பழுதாயிற்று. அந்த முயற்சி விரைவில் கைவிடப்பட்டது. 1960-களின் நடுவில் வில்லியம் லியர் உருவாக்கிய எட்டுத் தட ஒலிநாடா ஃபோர்டு கார்களில் இடம்பெற்றது. மோட்டோரோலாவின் முதல் கார் வானொலியில் பங்காற்றியவரும் இதே லியர்தான். ஆனால் முடிவற்ற வளையமாகச் சுற்றிய அந்த நாடாவைப் பின்னோக்கி ஓட்ட முடியாது.

1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வெளியிட்ட சிறு கேசட்டே நிலைத்து நின்றது. அது சட்டைப்பையில் அடங்கும். வீட்டிலேயே அதில் பாடலைப் பதியலாம். கார் குலுங்கினாலும் ஓடும். 1980-களில் குடும்பக் கார்களில் அது பரவலாக ஒலித்தது.

180-க்கு 50: ஒரே அளவுத் திறப்பு

அதுவரை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி டேஷ்போர்டை அமைத்தது. ஒரு காரின் வானொலி இன்னொரு காரில் பொருந்தாது. தகட்டை வெட்டியோ, டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிட்டோதான் புதிய கருவியைப் பொருத்த முடிந்தது. ஜெர்மானியத் தர நிர்ணய அமைப்பான 'டின்' கார் வானொலித் திறப்புக்கு ஒரே அளவை வகுத்தது. பின்னர் அது ஐ.எஸ்.ஓ. 7736 என்னும் பன்னாட்டுத் தரமாயிற்று. கடைக்காரர்கள் இன்றும் 'சிங்கிள் டின்' என்று சொல்வது இந்த அளவைத்தான். உயரத்தை இரட்டிப்பாக்கிய 'டபுள் டின்' அளவு ஜப்பானியக் கார்களின் வழியே பரவியது.

இந்தத் தரத்தால் காரைச் செய்பவரும் ஒலிக் கருவியைச் செய்பவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒன்றுக்கொன்று பொருந்தும் பொருள்களைச் செய்ய முடிந்தது. கார் வாங்கியவர் அந்தக் கார் நிறுவனத்தையே நம்பியிருக்க வேண்டியதில்லை. 1984-இல் பயனீயர், சோனி நிறுவனங்களின் கார் குறுந்தகட்டுக் கருவிகள் சந்தைக்கு வந்தன. பின்னர் யூ.எஸ்.பி., புளூடூத் வசதிகளும் அதே திறப்பின் வழியாகவே பழைய கார்களுக்குள் நுழைந்தன. எளிதில் கழற்ற முடிந்ததால் திருட்டும் பெருகியது. எனவே பெட்டியோடு உருவி எடுக்கும் கருவிகளும், முகப்பை மட்டும் கழற்றிக் கையோடு கொண்டுபோகும் கருவிகளும் தோன்றின.

இந்தியக் குடும்பக் கார்களில்

இந்தியாவில் பல்லாண்டுகள் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியுமே குடும்பக் கார்களாக இருந்தன. அவற்றில் பலவற்றுக்கு வானொலி பின்னாளில் கடையில் பொருத்தப்பட்டதுதான். 1980-களின் நடுப்பகுதி வரை வானொலிப் பெட்டி வைத்திருக்க அரசு உரிமம் பெற்று அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. தமிழகச் சாலைகளில் மத்திய அலையில் ஆகாசவாணியும், பல ஊர்களில் இலங்கை வானொலியும் கேட்டன.

1983 டிசம்பரில் மாருதி 800 அறிமுகமானது. நடுத்தரக் குடும்பங்கள் கார் வாங்கத் தொடங்கிய அதே காலம்தான் கேசட்டின் பொற்காலம். விரும்பிய பாடல்களின் பட்டியலைக் கொடுத்தால் வெற்று நாடாவில் பதிந்து தரும் கடைகள் ஊருக்கு ஊர் இருந்தன. பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் இரண்டு ஸ்பீக்கர்களைப் பொருத்துவது அன்றைய வழக்கம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் உதிரிப் பொருள் கடைகளும், மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற ரிச்சி தெருவும் இத்தேவையை நிறைவு செய்தன. 1977-இல் சென்னையில் ஆகாசவாணியின் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியது. 2001 முதல் இந்தியாவில் தனியார் பண்பலை நிலையங்கள் தோன்றியதும், கேசட் மட்டும் இருந்த கார்களுக்கும் பண்பலை வாங்கி தேவைப்பட்டது.

திறப்புக்குப் பின்னால்

திறப்பின் அளவு ஒன்றாக இருந்தாலும் அதன் பின்னால் உள்ள கம்பிகள் காலத்துக்குக் காலம் மாறின. பழைய காரில் புதிய கருவி பொருத்துவோர் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கின்றன.

முதலாவது, மின்முனை. 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் மின்கலத்தின் நேர்முனை காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய கருவிகள் எதிர்முனை உடலோடு இணைந்திருப்பதற்காகச் செய்யப்பட்டவை. இதை அறியாமல் இணைத்தால் கருவி உடனே கெட்டுவிடும்.

இரண்டாவது, ஸ்பீக்கர் கம்பி. பழைய கார்கள் சிலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு முனை நேரே காரின் உடலில் இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கருவிகளில் ஸ்பீக்கரின் இரு முனைகளும் மின்னோட்டத்தால் இயக்கப்படுகின்றன. எனவே எந்த முனையும் உடலைத் தொடக்கூடாது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு புதிய கம்பிகள் இழுப்பதே பாதுகாப்பு.

மூன்றாவது, திறன். பெட்டியின் மேல் '50 வாட் x 4' என்று அச்சிட்டிருப்பதைத் தொடர்ச்சியான திறன் என்று எண்ணக்கூடாது. கார் ஓடும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட். அந்த அழுத்தத்தை நேரடியாகப் பயன்படுத்தும் கருவி 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்குத் தெளிவாகத் தரக்கூடியது சுமார் 20 வாட் மட்டுமே. அதற்கு மேல் வேண்டுமானால் மின்னழுத்தத்தை உயர்த்தும் தனி ஆம்ப்ளிஃபயர் தேவை. அதற்கு மின்கலத்திலிருந்து தடித்த கம்பி இழுத்து, மின்கலத்துக்கு அருகிலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும். ஃபியூஸ் இல்லாத கம்பி எங்கேனும் தேய்ந்து உடலைத் தொட்டால் தீப்பிடிக்கும்.

கடையில் வாங்கும் கருவிகளில் மஞ்சள் கம்பி மின்கலத்துக்கும், சிவப்புக் கம்பி சாவி இணைப்புக்கும், கறுப்புக் கம்பி காரின் உடலுக்கும் உரியவை. மஞ்சள் இணைப்பு இல்லையென்றால் கருவியில் பதிந்த நிலையங்கள் அழிந்துபோகும். சிவப்பையும் நேரே மின்கலத்தோடு இணைத்தால், கருவியை அணைக்க மறந்த இரவில் மின்கலம் தீர்ந்துவிடும். பழைய கருவியைத் தூக்கி எறியாமல் எடுத்து வைப்பதும் நல்லது. பழங்கார் விரும்பிகள் அசல் வானொலி உள்ள காரைத்தான் பெரிதும் மதிக்கின்றனர்.

மறையும் திறப்பு

2014-இல் ஆப்பிளின் கார்பிளேயும், அடுத்த ஆண்டில் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வந்தன. அவற்றுக்கு ஏற்ற டபுள் டின் திரைகளைப் பழைய கார்களிலும் பொருத்த முடிந்தது. ஆனால் அதே காலத்தில் புதிய கார்களின் வடிவமைப்பு வேறு திசையில் சென்றது. குளிர்சாதனம், பின்புறக் கேமரா, எச்சரிக்கை ஒலி எனப் பலவும் ஒரே தொடுதிரையில் இணைக்கப்பட்டன. அதைக் கழற்றினால் இசை மட்டுமல்லாமல் காரின் வேறு வசதிகளும் நின்றுவிடும். பல கார்களில் பொது அளவுத் திறப்பே இல்லை.

இதன் விளைவு எதிர்காலத்தில்தான் முழுமையாகத் தெரியும். 2022-இல் அமெரிக்காவில் 3ஜி வலையமைப்புகள் மூடப்பட்டபோது, அவற்றை நம்பியிருந்த பல கார்களின் இணையச் சேவைகள் நின்றுபோயின. கார்கள் நன்றாக ஓடின. அவற்றின் மின்னணுப் பகுதிதான் காலாவதியாயிற்று. கேசட் வழக்கொழிந்தபோது, நான்கு கம்பிகளையும் ஒரு சட்டத்தையும் மாற்றி மாருதி 800-க்குப் புதிய இசை கொடுக்கத் தெருமுனைக் கடையால் முடிந்தது. ஒரே திரையில் எல்லாவற்றையும் கட்டிவைத்த கார் பழசாகும்போது அது அவ்வளவு எளிதாக இருக்காது. கார் தயாரிப்பாளர்கள் ஒரு பொதுத் தரத்துக்கு உடன்பட்டதால், தன் காரைத் தானே புதுப்பிக்கும் உரிமை சாதாரணக் குடும்பத்துக்குக் கிடைத்தது. அந்தத் தரம் கைவிடப்படும்போது அந்த உரிமையும் சுருங்குகிறது.